கை குலுக்கறத வச்சு ஆளைப் படிக்க முடியுமா?

உங்க கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். அடுத்த வாரம் முதல் இன்டர்வியூ, உள்ளங்கை எப்பவும் வேர்க்குது, பிடி லூஸா இருக்குன்னு கூட இருக்கறவங்க சொல்லிட்டே இருக்காங்க, கை குடுக்கற விதத்துலயே ஒருத்தரோட குணம் முழுக்க தெரிஞ்சிடும்னு யாரோ பேசின வீடியோ வேற பாத்து பயந்து போயிருக்கீங்க. கடைசியா ஒரு வரி சேத்திருக்கீங்க, போன மாசம் ஒரு பெரிய மனுஷர் விரலெல்லாம் நசுங்கற மாதிரி கையைப் பிடிச்சார், அவர் என்னை மட்டம் தட்டப் பாத்தாரா, கை குலுக்கறதுக்கு நிஜமாவே என்னதான் அர்த்தம்னு. மேலோட்டமா பாத்தா எப்படி கை குடுக்கணும்னு டிப்ஸ் கேக்கற மாதிரி தெரியுது, ஆனா நீங்க கேக்கறது அது இல்ல. என் கை என்னைக் காட்டிக் குடுத்துடுமா, அதான் கேள்வி. அதுக்குத்தான் பதில் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

நான் கைக்கு மட்டுமே வைத்தியம் பாக்கற பிசியோதெரபிஸ்ட். இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. வெட்டுப்பட்ட கை, உடைஞ்ச கை, மிஷின்ல மாட்டின கை, நரம்பு போன கை, பக்கவாதத்துக்கு அப்புறம் சுருண்டு போன கைன்னு எல்லாத்தையும் என் கைல பிடிச்சுத்தான் வேலை. அதனால எலும்பு, தசை, பிடி பத்தி சொல்றதை அடிச்சு சொல்வேன். வரலாறு நான் ஆர்வத்துல தேடிப் படிச்சது. மனசு பத்தின ஆராய்ச்சியெல்லாம் வெளியாளா நின்னு படிக்கறதுதான், அதை அந்த அளவுக்கு எடுத்துக்கங்க.

முதல்ல உங்க லூஸ் பிடி. முக்கால்வாசிப் பேருக்கு இது பலம் இல்லாததால வர்றதே இல்ல, மணிக்கட்டால வர்றது. இப்பவே ஒண்ணு செஞ்சு பாருங்க. முழங்கையை மேசைல ஊனிக்கிட்டு மணிக்கட்டை முன்பக்கமா முழுசா தொங்க விடுங்க, அப்படியே ஒரு பேனாவை எவ்வளவு முடியுமோ அவ்வளவு இறுக்கிப் பிடிங்க, இப்ப இன்னொரு கையால பேனாவை உருவுங்க. சுலபமா வந்துடும். அடுத்து மணிக்கட்டை கொஞ்சம் பின்பக்கமா நிமித்தி அதே மாதிரி பிடிச்சுப் பாருங்க, உருவறது கஷ்டம். விரலை மடக்கற பெரிய தசைங்க முன்கைல இருக்கு, அங்கிருந்து கயிறு மாதிரி தசைநார்கள் மணிக்கட்டைத் தாண்டி விரலுக்குப் போகுது. மணிக்கட்டு மடங்கிட்டா அந்தக் கயிறு தொய்ஞ்சு போகும், நீங்க பயில்வானா இருந்தாலும் பிடி வராது. கூச்சப்படறவங்க கையை நீட்டறப்ப மணிக்கட்டைத் தொங்க விட்டு விரல் நுனியை மட்டும் குடுப்பாங்க, அதுதான் எதிர்ல இருக்கறவருக்கு செத்த மீனைத் தொட்ட மாதிரி இருக்கு. அதனால உங்களுக்கு பலத்துல குறைன்னு நினைச்சு பந்தை அமுக்கி பயிற்சி பண்ணிட்டு இருக்க வேண்டாம், மணிக்கட்டை நேரா வச்சு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கற அந்தப் பள்ளம் அவரோட பள்ளத்துல போய் உக்கார்ற வரைக்கும் கையை உள்ள குடுங்க, பாதி வேலை முடிஞ்சுது.

உங்க கையை நசுக்கினவர் விஷயமும் இங்கயே வருது. உள்ளங்கைல விரலுக்கு ஒண்ணா அஞ்சு நீள எலும்பு இருக்கு. ஆள்காட்டி விரலோடதும் நடுவிரலோடதும் தூண் மாதிரி அசையாம நிக்கும், மோதிர விரலோடதும் சுண்டுவிரலோடதும் அசையும், இடது கையால உங்க வலது கை சுண்டுவிரல் கணுவை மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க, புரியும். அந்த அசைவு இருக்கறதாலதான் ஒரு உருண்டையான பொருளைச் சுத்தி கை வளையுது. இப்ப ஒருத்தர் நீங்க கையை முழுசா உள்ள குடுக்கறதுக்கு முன்னாடியே மூடிட்டார்னா அவர் பிடி உங்க விரல் கணுங்க மேல விழும், அசையற அந்த எலும்பு ரெண்டும் உள்ள மடங்கும், கணுவும் கணுவும் உரசும். மோதிரம் போட்டிருந்தா சொல்லவே வேண்டாம். அவர் வேணும்னு பண்ணினாரா இல்ல அரை செகண்ட் அவசரப்பட்டாரா, உங்க வலியை வச்சு சொல்லவே முடியாது, ரெண்டும் ஒரே மாதிரிதான் வலிக்கும். அடுத்த தடவை அவரைப் பாக்கறப்ப கையை முழுசா உள்ள குடுத்துப் பாருங்க, அதே ஆள் அதே வேகத்துல பிடிச்சாலும் பாதி வலிகூட இருக்காது.

இப்ப குணத்துக்கு வரேன். கையைப் பிடிச்சுப் பாத்து ஒருத்தரோட குணத்தைச் சொல்றவங்களை நினைச்சா எனக்கு வருத்தமா இருக்கும், ஏன்னா நான் பிடிக்கற கையெல்லாம் வேற கதை சொல்லுது. முடக்குவாதம் ஆரம்பிக்கறவங்களுக்கு விரல் கணுக்களைப் பக்கவாட்டுல சேர்த்து லேசா அமுக்கினாலே உயிர் போற மாதிரி வலிக்கும், சந்தேகம் இருந்தா சோதிக்கற முறைகள்ல அதுவும் ஒண்ணு, கை குலுக்கற அழுத்தம் கிட்டத்தட்ட அதேதான். அவங்க விரல் நுனியை மட்டும் குடுத்து சட்டுனு இழுத்துக்கறதுல திமிர் ஒண்ணும் இல்ல. டூப்யூட்ரன்னு ஒரு நிலை இருக்கு, உள்ளங்கைத் தோலுக்குக் கீழ இருக்கற படலம் தடிச்சு சுருங்கி மோதிர விரலையும் சுண்டுவிரலையும் உள்ள இழுத்துடும், அவங்க கை குடுத்தா ரெண்டு விரல் உங்க உள்ளங்கையைக் குத்தும், ஏதோ ரகசிய சைகை பண்ற மாதிரி இருக்கும். தைராய்டு அதிகமா சுரக்கறவங்களுக்கு கை சூடா ஈரமா லேசா நடுங்கும், வெறும் பதட்டத்துல வேர்க்கறவங்களுக்கு பெரும்பாலும் ஜில்லுனு ஈரமா இருக்கும். தொட்டாலே டாக்டருக்கு ஒரு யோசனை வரும், ஆனா அது யோசனைதான், ரத்தப் பரிசோதனை பண்ணாம யாரும் முடிவு சொல்ல மாட்டாங்க. நோயையே அப்படி கையைத் தொட்டு முடிவு பண்ண முடியாதுங்கறப்ப குணத்தை எப்படி முடிவு பண்றது?

இதுல என்னை ரொம்ப பாதிச்சது மயோடோனிக் டிஸ்ட்ரஃபிங்கற தசை நோய். பரம்பரையா வர்றது. அவங்களால கையைப் பிடிக்க முடியும், உடனே விட முடியாது. பிடிச்ச தசை தளர மாட்டேங்கும், விரல் ஒவ்வொண்ணா மெதுவா பிரியும், குளிர்ல இன்னும் மோசம். சிலருக்கு கை குலுக்கறப்பதான் டாக்டருக்கு முதல் சந்தேகமே வரும். எங்கிட்ட வந்த ஒருத்தர் சொன்னார், நான் கையை விட மாட்டேங்கறேன்னு ஆளுங்க என்னை ஒரு மாதிரி பாக்கறாங்க, அதுனால இப்பல்லாம் யாருக்கும் கையே நீட்டறது இல்லைன்னு. அவர் கையை நான் பிடிச்சிருந்த அந்த சில செகண்ட் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, அவர் முகம் வேற பக்கம் திரும்பி இருந்துச்சு, கட்டைவிரல் முதல்ல விட்டுச்சு, அப்புறம் ஆள்காட்டி விரல், மத்ததெல்லாம் கடைசியா. கை குலுக்கறதுல அழுத்தத்தைத்தான் எல்லாரும் பேசறாங்க, நீட்டறதும் விடறதும்தான் பெரிய விஷயம்னு எனக்கு அன்னிக்குத்தான் உறைச்சுது. இந்தப் பதில்ல நான் சொல்ல வர்றது மொத்தமும் அதுதான்.

ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னும் பாத்துடலாம், ஏன்னா வீடியோக்காரங்க இதைத்தான் பாதி சொல்லிட்டு பாதியை விட்டுடுவாங்க. 2000ல அலபாமா பல்கலைக்கழகத்துல வில்லியம் சாப்ளின் குழு 112 மாணவர்களை வச்சு ஒண்ணு பண்ணினாங்க, பயிற்சி குடுத்த நாலு பேர் ஒவ்வொரு மாணவரோடயும் கை குலுக்கி பிடி, அழுத்தம், நேரம், கண் பாக்கறது எல்லாத்துக்கும் மார்க் போட்டாங்க, மாணவர்கள் தனியா குணம் பத்தின கேள்வித்தாளுக்கும் பதில் எழுதினாங்க. உறுதியா கை குடுக்கறவங்க சராசரியா கலகலப்பானவங்களாவும் கூச்சம் குறைஞ்சவங்களாவும் இருந்தாங்க. சராசரியாங்கற அந்த வார்த்தையை விட்டுடாதீங்க. நூறு பேர்ல தெரியற ஒரு போக்கை வச்சு எதிர்ல நிக்கற ஒருத்தரைச் சொல்ல முடியாது, கூச்சம்னு தெரிஞ்சாலும் நேர்மை, உழைப்பு, அறிவு எதையும் அது சொல்லல. 2008ல இன்னொரு ஆய்வு வந்துச்சு, 98 மாணவர்களுக்கு மாதிரி இன்டர்வியூ வச்சாங்க, கை குலுக்கறதுல நல்ல மார்க் வாங்கினவங்களுக்கு இன்டர்வியூ எடுத்தவங்க குடுத்த மதிப்பும் கூடுதலா இருந்துச்சு. ஆக உங்க பயத்துல ஒரு நியாயம் இருக்கு, அதை மறைக்க மாட்டேன், கை குலுக்கறது எதிர்ல இருக்கறவர் மனசுல ஒரு எண்ணத்தை உண்டாக்குது. அந்த எண்ணம் சரியாங்கறது வேற கேள்வி. அவங்க படிக்கறது உங்க மணிக்கட்டு எந்தக் கோணத்துல இருக்குங்கறதை, குணம்னு நினைச்சுக்கறாங்க, அவ்வளவுதான். மணிக்கட்டை ஒரு வாரத்துல மாத்திடலாம்.

பிடி பலத்துக்கும் ஆயுசுக்கும் தொடர்பு இருக்குன்னு சொல்ற ஒரு செய்தியும் சுத்துது, அது பொய் இல்ல. 17 நாட்டுல சுமார் 1,40,000 பேரை வச்சு செஞ்ச ஆய்வு 2015ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்துச்சு, பிடி பலம் 5 கிலோ குறைய குறைய இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடினதா பாத்தாங்க. ஆனா அது டைனமோமீட்டர்னு ஒரு கருவியை முழு பலத்தோட அமுக்கச் சொல்லி அளந்தது. கை குலுக்கறப்ப யாரும் முழு பலத்தையும் போடறது இல்ல, போடவும் கூடாது. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

கையைப் பாத்து தப்பா படிச்சிடுவாங்களோங்கற பயம் உங்களுக்கு மட்டும் இல்ல, ஆபிரகாம் லிங்கனுக்கே இருந்துச்சு. 1863 ஜனவரி 1, புத்தாண்டு வரவேற்புன்னு காலைல இருந்து மணிக்கணக்கா வர்றவங்க எல்லாருக்கும் கை குடுத்துட்டு, மத்தியானம் அடிமை விடுதலைப் பிரகடனத்துல கையெழுத்துப் போட உக்காந்தார். கை நடுங்குது, பேனாவைக் கீழ வச்சுட்டார். கையெழுத்து கோணலா இருந்தா பின்னாடி பாக்கறவங்க இவர் தயங்கினார்னு சொல்லிடுவாங்கன்னு கவலைப்பட்டார், கொஞ்சம் ஆறப்போட்டு அப்புறம் நிதானமா போட்டார். தசை களைச்சுப் போச்சு, வேற ஒண்ணும் இல்ல. அந்த நடுக்கத்துல தயக்கத்தைப் படிச்சிருந்தா எவ்வளவு பெரிய தப்பா போயிருக்கும்!

சரி, கை குலுக்கறதுக்கு அர்த்தம் என்னன்னு கேட்டீங்களே. எல்லாரும் சொல்ற கதை, கைல ஆயுதம் இல்லைன்னு காட்டறதுக்கு ஆரம்பிச்சது, ஆட்டறது சட்டைக் கைக்குள்ள ஒளிச்ச கத்தி கீழ விழறதுக்குன்னு. கேக்க நல்லா இருக்கு, நானும் ரொம்ப நாள் இதைத்தான் மத்தவங்களுக்கு சொல்லிட்டு இருந்தேன். ஆனா கல்லுல செதுக்கி நமக்குக் கிடைச்சிருக்கற பழைய சான்றுகள் எல்லாம் வேற மாதிரி இருக்கு. கி.மு. 9ஆம் நூற்றாண்டுல அசீரிய மன்னர் மூன்றாம் ஷல்மனேசரோட அரியணை மேடை, இராக்ல நிம்ரூத்ல கிடைச்சது, அதுல அவரும் பாபிலோன் மன்னரும் கை பிடிச்சுட்டு நிக்கற மாதிரி செதுக்கியிருக்கு, கூட்டணிக்கு அடையாளம். ஏதென்ஸ்ல அக்ரோபோலிஸ் மியூசியத்துல ஒரு கல்வெட்டு இருக்கு, ஏதென்ஸ் சாமோஸ் தீவு மக்களை கௌரவிச்சுப் போட்ட தீர்மானம் பத்தினது, கி.மு. 403ஐ ஒட்டினது, மேல ஏதென்ஸோட தெய்வம் ஏதேனாவும் சாமோஸோட தெய்வம் ஹேராவும் வலது கையை கோத்துட்டு நிக்கறாங்க, ஊருக்கு ஊர் நட்புங்கறதை தெய்வத்துக்கு தெய்வம் கை குடுக்கறதா காட்டியிருக்காங்க. இன்னும் கொஞ்சம் உள்ள போனா கிரேக்கக் கல்லறைக் கற்கள், இறந்தவரும் இருக்கறவரும் கை பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க, விடைபெறுதலா, இன்னும் உறவு அறுபடலைன்னு சொல்றதா, பாக்கறவங்க மனசைப் பொறுத்தது. ரோமானியர்கள் கல்யாணச் சிற்பங்கள்ல கணவனும் மனைவியும் வலது கையைப் பிடிச்சுக்கறாங்க, நாணயங்கள்ல கோத்த ரெண்டு கை விசுவாசத்துக்கு அடையாளம். யாரோ அந்நியனைச் சோதனை போடற மாதிரி ஒண்ணுமே இல்ல இதுல. உடன்பாடு, கல்யாணம், பிரிவு. வாக்கு குடுத்து கட்டுப்படற இடங்கள்.

தெருவுல பாக்கறவங்களுக்கெல்லாம் கை குடுக்கற சாதாரண வணக்கமா இது பரவினதுல குவேக்கர்னு சொல்ற கிறிஸ்தவப் பிரிவுக்குப் பங்கு உண்டுன்னு பலர் எழுதியிருக்காங்க. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல பெரிய இடத்து ஆளுங்களைப் பாத்தா தொப்பியைக் கழட்டணும், குனியணும். கடவுளுக்கு முன்னாடி எல்லாரும் சமம்னு நம்பின இவங்க அதைச் செய்ய மாட்டோம்னு நின்னு, அதுக்காக ஜெயிலுக்கும் போனாங்க. குனியறதுக்குப் பதிலா கை. இன்னிக்கும் அவங்க மௌன வழிபாடு முடிஞ்சதுக்கு அடையாளமா பக்கத்துல இருக்கறவங்க கையைப் பிடிச்சுக் குலுக்கறாங்க. இந்தக் கதை எனக்குப் பிடிக்கறதுக்குக் காரணம், குனிஞ்சா ஒருத்தர் மேல ஒருத்தர் கீழ, கை குடுக்கணும்னா ரெண்டு கையும் ஒரே உயரத்துக்கு வந்தாகணும்.

தமிழ்ல இந்த விஷயம் ஏற்கனவே ரொம்ப அழகா இருக்கு, நாம கவனிக்கறது இல்ல. கை கொடுத்தான்னா கஷ்டத்துல உதவினான். கை குடுங்கன்னு சந்தோஷமா சொன்னா பாராட்டு. கைப்பிடிச்சான்னா கல்யாணம், ரோமானியன் கல்லுல செதுக்கினதை நாம சொல்லுலயே வச்சிருக்கோம். கைகோத்தாங்கன்னா கூட்டணி. கைவிட்டுட்டான்னா, அதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல. கை நீட்டிட்டான்னா அடிச்சுட்டான்னு அர்த்தம், அதே கையை ஏந்தினா யாசகம். இத்தனை சொல்லுலயும் எவ்வளவு இறுக்கிப் பிடிச்சான்னு ஒண்ணுகூட கேக்கல பாருங்க, குடுத்தானா விட்டானாங்கறதுதான் கேள்வி.

உலகத்துல பேர் வாங்கின கை குலுக்கல்களும் அப்படித்தான். 1972 பிப்ரவரி 21, அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் பீஜிங்ல விமானப் படியில இறங்கி வர்றப்பவே சீனப் பிரதமர் சூ என்லாய் பக்கம் கையை நீட்டிட்டே வந்தார். காரணம் இருக்கு, 1954ல ஜெனீவா மாநாட்டுல அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டல்லஸ் சூ என்லாய்க்கு கை குடுக்க மறுத்தார்னு ஒரு பேச்சு, அது நடந்த விதம் பத்தி ஆளுக்கொரு மாதிரி சொல்றாங்க, ஆனா சீனர்கள் மனசுல அது முள்ளா இருந்ததும் நிக்சன் அதைத் தெரிஞ்சு வச்சிருந்ததும் நிச்சயம். 1987 ஏப்ரல்ல லண்டன்ல மிடில்செக்ஸ் மருத்துவமனைல எய்ட்ஸ் வார்டைத் திறக்க வந்த இளவரசி டயானா கையுறை இல்லாம ஒரு நோயாளிக்கு கை குடுத்தாங்க. தொட்டாலே ஒட்டிக்கும்னு ஜனங்க நடுங்கின காலம் அது. மணிக்கணக்கா பேசியிருந்தாலும் அந்த ஒரு போட்டோ செஞ்ச வேலை நடந்திருக்காது. எவ்வளவு அழுத்தமா குடுத்தாங்கன்னு யாருக்காவது தெரியுமா? தேவையே இல்ல.

மறுத்தாலும் அதே கனம்தான். 2008 ஜனவரில நெதர்லாந்துல விக் ஆன் ஸீ செஸ் போட்டில இவான் செபரினோவ் ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நைஜல் ஷார்ட்டுக்கு கை குடுக்க மறுத்தார், நடுவர் அவர் தோத்ததா அறிவிச்சுட்டார். அப்பீல் பண்ணி, மன்னிப்பு, கை குலுக்கல் எல்லாம் முடிஞ்சு மறுபடி ஆடினாங்க, ஷார்ட்தான் ஜெயிச்சார். டென்மார்க்ல 2019ல இருந்து குடியுரிமை வாங்கற விழாவுல அதிகாரியோட கை குலுக்கியே ஆகணும்னு சட்டமே போட்டாங்க, அடுத்த வருஷமே கொரோனா வந்து விழாக்களே நின்னு போச்சு. இந்தச் சட்டம் எனக்கு உடன்பாடு இல்ல. மத நம்பிக்கையால எதிர்பாலினத்தவரைத் தொடாதவங்க இருக்காங்க, முஸ்லிம்கள்ல சிலர், மரபு வழுவாத யூதர்கள்ல சிலர், அவங்க நெஞ்சுல கை வச்சு லேசா தலை குனியறாங்க, அதுலயும் மரியாதை முழுசா இருக்கு. கட்டாயத்துல குடுத்த கைக்கு என்ன அர்த்தம் இருக்க முடியும்? இன்டர்வியூல எதிர்ல இருக்கறவங்க கை நீட்டலைன்னா நீங்க அதை அவமானமா எடுத்துக்காம ஒரு சிரிப்போட தலையை அசைச்சுட்டு உக்காருங்க, அவங்களுக்கு நூறு காரணம் இருக்கலாம், அதுல ஒண்ணு முடக்குவாதமாவும் இருக்கலாம்.

அமெரிக்க செனட்டர் பாப் டோல் கதையை என் பேஷண்ட்ஸ் நிறைய பேருக்கு சொல்லியிருக்கேன். 1945ல இத்தாலில போர்ல குண்டடி பட்டு வலது கை செயல் போயிடுச்சு. அரசியல்ல இருந்துட்டு கை குடுக்காம எப்படி இருக்கறது? வலது கைல எப்பவும் ஒரு பேனாவைச் செருகி வச்சுக்கிட்டார், பாக்கறவங்க கைல ஏதோ இருக்குன்னு அதைப் பிடிச்சு இழுக்க மாட்டாங்க, அவர் இடது கையை நீட்டுவார். அந்த இடது கையோட ஜனாதிபதித் தேர்தல் வரைக்கும் வந்தார். சாரணர்கள் உலகம் முழுக்க இடது கையாலதான் கை குலுக்கறாங்க, அதையும் ஞாபகம் வச்சுக்கங்க. எதிர்ல இருக்கறவருக்கு வலது கை இல்லைன்னா இருக்கற கையைப் பிடிங்க, செயற்கைக் கையை நீட்டினா அதையே பிடிங்க, கண் தெரியாதவர்னா கை குடுக்கறேன்னு வாயால சொல்லிட்டு நீட்டுங்க.

விடற விஷயத்துக்கு 2017 பிப்ரவரில டிரம்ப்பும் ஜப்பான் பிரதமர் அபேவும் வெள்ளை மாளிகைல குடுத்துக்கிட்ட கையைச் சொல்லலாம், 19 செகண்ட், விட்டதும் அபே முகத்துல வந்த பெருமூச்சு உலகம் முழுக்க ஓடுச்சு. ரெண்டு மூணு ஆட்டத்துக்கு மேல போனாலே எதிர்ல இருக்கறவருக்கு தான் பிடிபட்ட மாதிரி ஆயிடும். பிடிச்சிருக்கற கை தளர ஆரம்பிக்கறது தோலுக்குத் தெரியும், அந்த நொடியே நீங்களும் விடுங்க. எங்க வேலைல சின்னப் பசங்களுக்கு பயிற்சி குடுக்கறப்ப முதல்ல இதைத்தான் சொல்லித் தர்றேன், பேஷண்ட் கை விலக நினைச்சா உங்க கை அதுக்கு முன்னாடி திறந்திருக்கணும்னு.

கிருமி விஷயம் உண்மை. 2014ல வேல்ஸ்ல அபரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்துல சோதிச்சப்போ உள்ளங்கையை உள்ளங்கைல தட்டிக்கறதைவிட கை குலுக்கறதுல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு பாக்டீரியா மாறுச்சு, முஷ்டியை முஷ்டில தட்டிக்கறதுல சுமார் பத்துல ஒரு பங்குதான். 1793ல ஃபிலடெல்ஃபியால மஞ்சள் காய்ச்சல் வந்தப்ப நீட்டின கையைப் பாத்தே ஆளுங்க பின்வாங்கினதா அன்னிக்கே எழுதி வச்சிருக்காங்க, அந்தக் காய்ச்சல் கொசுவால வர்றதுங்கறது பின்னாடிதான் தெரிஞ்சுது. 2020லயும் இனிமே கை குலுக்கறதே இருக்காதுன்னாங்க, திரும்ப வந்துடுச்சு. சளி இருந்தா நீட்டாதீங்க, சொல்லிடுங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

எங்கிட்ட வந்த ஒரு தச்சரைப் பத்தி சொல்லணும். ரம்பம் வழுக்கி வலது கைல மோதிர விரல், சுண்டுவிரல் தசைநார் ரெண்டும் அறுந்து போச்சு. ஆபரேஷன்ல அதைத் தையல் போட்டு முடிச்சா உடனே விரலை இறுக்கி மடக்க விடமாட்டோம், கிட்டத்தட்ட மூணு மாசத்துக்கு பலமா எதையும் பிடிக்கக் கூடாது, தையல் பிச்சுக்கும். தினம் வந்து மில்லிமீட்டர் மில்லிமீட்டரா மடக்கினார். கடைசி நாள் டைனமோமீட்டர்ல அளந்தா இடது கைல இருக்கறதுல பாதிதான் வந்துச்சு, நான் நோட்ல எழுதிட்டு நிமிந்தா அவர் எழுந்து நின்னு வலது கையை நீட்டிட்டு இருக்கார். சுண்டுவிரல் முழுசா மடங்கல, உள்ளங்கைல தழும்பு கரடா உரசுச்சு, பிடி ரொம்ப மெலிசு. அந்த வீடியோ ஆள் பாத்திருந்தா தன்னம்பிக்கை இல்லாத ஆள்னு சொல்லியிருப்பார்.

இனி உங்க வேர்வை. உள்ளங்கைல இருக்கற வேர்வைச் சுரப்பிங்க வெயிலைவிட மனசுக்குத்தான் அதிகமா பதில் சொல்லும், பதட்டமானா சுரக்கும், பயந்தா இன்னும் சுரக்கும், சுரக்குதேன்னு பயந்தா அதுக்கும் சுரக்கும். சின்ன வயசுல இருந்தே இருக்கு, ரெண்டு கையும் ஒரே மாதிரி வேர்க்குது, தூங்கறப்ப நின்னுடுதுன்னா பெரும்பாலும் அது சாதாரணமா அதிகமா வேர்க்கற உடம்புவாகு, வீட்டுல வேற யாருக்காவதும் இருக்கலாம். திடீர்னு இப்பதான் ஆரம்பிச்சுது, எடை குறையுது, படபடப்பு இருக்குன்னா டாக்டர்கிட்ட போய் தைராய்டு பாத்துடுங்க. தண்ணில கையை வச்சு லேசான மின்சாரம் விடற சிகிச்சை, அலுமினியம் குளோரைடு கலந்த மருந்து, ஊசி எல்லாம் இருக்கு, உங்களுக்கு எது சரின்னு தோல் டாக்டர் பாத்துத்தான் சொல்லணும், கையைப் பாக்காம நான் இங்கிருந்து சொல்றது தப்பு. ஒரு வாரத்துக்குள்ள அதெல்லாம் முடியாது, அதனால அன்னிக்கு கைக்குட்டையை வலது பக்கப் பாக்கெட்ல வச்சுக்கங்க, கூப்பிடறதுக்கு முன்னாடி உள்ளங்கையைத் துடைச்சிடுங்க, ஃபைல், தண்ணி பாட்டில் எல்லாம் இடது கைல இருக்கட்டும், வலது கையைப் பொத்தி வைக்காம திறந்து காத்தாட விடுங்க. அதையும் மீறி ஈரமா இருந்தா இருக்கட்டும், சாரி சார் கொஞ்சம் வேர்க்குதுன்னு சாதாரணமா சொல்லிட்டு நீட்டுங்க. எதிர்ல உக்காந்திருக்கறவரும் ஒரு காலத்துல வேர்த்த கையோட அந்தக் கதவுக்கு வெளிய நின்னவர்தான்.

இந்த ஒரு வாரமும் வீட்டுல யாரையாவது நிக்க வச்சு தினம் பத்து தடவை பழகுங்க, மணிக்கட்டு நேரா, பள்ளத்துல பள்ளம், ரெண்டு ஆட்டம், விடறது. எந்த இடத்துல வலிச்சாலோ விரல் மரத்தாலோ நிறுத்திட்டு எனக்கு எழுதுங்க.